ஈய நுனி

காலை பத்து மணிக்குத் துப்பாக்கிக் கடை திறந்ததும் தேவசகாயம் உள்ளே வந்தார். பரீத் பாய் இரண்டு ரைபிள் தோட்டாக்களை எடுத்து வைத்தார்.

"முழுக்கச் செம்பு உறை போட்டதுன்னா துளைச்சுக்கிட்டு வெளிய போயிரும் சார். நுனியில ஈயம் தெரியுற இது உள்ளேயே விரிஞ்சு நின்னுரும். பன்றிக்கு இதுதான்."

தேவசகாயம் ஈயத்தை நகத்தால் கீறினார். கோடு விழுந்தது. நேற்றும் தம்பி அரிவாளோடு வாசல்வரை வந்திருந்தான். கூடத்தில் வைத்துச் சுட்டால், அவனுக்குப் பின்னால் வெறும் பலகைத் தடுப்பு. அதற்கு அப்பால் மகளின் கட்டில்.

"பின்னாடி பலகை இருந்தா, அதையும் துளைக்குமா பாய்?"

பரீத் பாய் அவர் கொடுத்திருந்த துப்பாக்கி லைசென்ஸை மறுபடி விரித்தார். பயிர்ப் பாதுகாப்பு என்றிருந்தது. தோட்டாக்களைக் கையால் மூடிக்கொண்டார்.

"பன்றி வீட்டுக்குள்ளயா சார் வருது?"