மூலைத் தட்டு

ராபின்சன் சார் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்து எபினின் கட்டிலருகே உட்கார்ந்தார். நோயாளியைப் பார்க்க வந்த முகம்தான். கண் மட்டும் சினியைச் சுற்றியே நின்றது.

உதியன்குளங்கரைக்கு அப்பால் அவருடைய கம்பெனி. உலோகப் பொடியை அச்சில் அடித்து, சூளையில் சுட்டு, தென்னை ஏறுகிறவர்களின் பாதுகாப்பு பெல்ட்டுக்குப் பூட்டுப் பல் செய்கிறார்கள். நகத்தளவுதான் இருக்கும். அளவு பார்த்துப் பாஸாக்கி அனுப்புவது சினியின் வேலை.

அந்த பெல்ட்டைக் கட்டித்தான் அவள் புருஷன் எபின் பனச்சமூட்டில் தென்னை ஏறினான். விழுந்தான். இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

அதே பூட்டுப் பல்லின் அடுத்த லோடு நாளைக்குப் புறப்படுகிறது. 

சூளையில் எல்லாமே சுருங்கும். நடுத்தட்டில் இருப்பது ஒரேபோல் சுருங்கும், மூலைத்தட்டில் இருப்பது அதன் இஷ்டத்துக்குச் சுருங்கும். கம்பெனியில் அளக்க எடுப்பதோ எப்போதும் நடுத்தட்டுப் பல். பிறகு சிபிகே என்கிற தர எண் ஏன் அழகாக வராது? எல்லாப் பல்லும் அளவுக்குள் அடங்கும் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. ஒன்று புள்ளி மூன்று மூன்று வந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள்.

மூலைத்தட்டையும் சேர்த்து அளக்க வேண்டும், இலக்கை ஒன்று புள்ளி ஆறு ஏழாக உயர்த்த வேண்டும், அதுவரை லோடை நிறுத்த வேண்டும் என்று சினி தொண்டை வற்றக் கத்திப் பார்த்துவிட்டாள். சாரிடம் ஒரே பதில்தான். பூட்டாமல் ஏறினால் பூட்டு என்ன செய்யும்?

அதை எபின் வாயாலேயே சொல்ல வைக்கத்தான் இந்த ஆரஞ்சும் ஹார்லிக்ஸும்.

"எபினே, நீயே சொல்லு மக்கா. பூட்டினியா?"

எபின் சுவரைப் பார்த்தான். "இல்ல சாரே. மறந்து போச்சு. எனக்க தப்பாக்கும்."

மீசை முளைக்கும் முன்பே மரம் ஏறியவனுக்குப் பூட்ட மறந்துவிட்டதாம்! குடித்திருப்பான் என்று ஊர் பேசியது. ஒரு சொட்டு தொடாதவன் அதற்கும் வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சினிக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது.

"கேட்டியா சினி? லோடு நாளைக்குப் போவட்டும்," என்று எழுந்து, சார் முற்றத்தில் இறங்கினார்.

எபின் அவள் கையை இறுகப் பிடித்தான். முகம் வியர்த்திருந்தது.

"எட்டி, நாளைக்குப் போறது யாருக்க இடுப்புல ஏறுமோ. நான் பூட்டினேன். பல்லு பூட்டுல விழுந்த சத்தம் கேட்டேன். பெறவுதான் விட்டுப் போச்சு."

 பிறகு ஏன் இத்தனை நாளும் இந்தப் பொய், இந்த மானக்கேடு?

அவள் கேட்பதற்குள் அவனே சொன்னான். "அந்தப் பல்லைப் பாஸாக்கி விட்டது நீதானே."

வெளியே கார் ஸ்டார்ட் ஆனது.

சினி கையை உருவிக்கொண்டு ஓடினாள். கார் கேட்டைத் தாண்டுமுன் அதன் குறுக்கே போய் நின்றாள்.