ரெண்டு ஊர் வரி

"மலேசியாவுல வரி கட்டியாச்சு. அதே லாபத்துக்கு இங்கயும் கட்டணுமா, வேணாமா?"

முந்திரி கம்பெனி முதலாளி காசிநாதன் மறுபடியும் கேட்டார். ஆடிட்டர் ஜோசப்புக்குத் தலை சுற்றியது. மலேசியாவில் கிளை வைத்து வருஷா வருஷம் இதே கணக்கில் கையெழுத்துப் போடுகிற மனுஷன், இன்றைக்கு ஒன்றுமே தெரியாதவர் மாதிரி முழிக்கிறார்!

அதுவும் கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு.

அவர்கள் வந்தது கம்பெனி டிரைவர் கருப்பண்ணன் விஷயமாக. சொந்த ஊரான கீழப்பழுவூரில் திருவிழா வரி கட்டிவிட்டானாம். குடியிருக்கிற பூலாம்பாடியிலும் கட்டச் சொன்னால் கையை விரிக்கிறானாம்.

"கட்டலன்னா சாமி அவன் வூட்டு வாசல்ல நிக்காதுங்க. பொண்டாட்டி அழுவுது. நாங்க என்ன பண்றது?" என்றார் கமிட்டித் தலைவர் தமிழழகன்.

"இருங்க, இதை முடிச்சுக்குறேன்" என்று காசிநாதன் ஆடிட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒரு குடும்பம் அழுகிறது, இவருக்கு மலேசியாதான் முக்கியம்! ஜோசப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்லுங்க சார், ரெண்டு கவர்மெண்டும் முழுசா வாங்கிக்குமா?"

"வாங்காதுங்க. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. அங்க கட்டினதை இங்க கழிச்சுக்குவாங்க. இங்க வரி கூடுதலா வந்தா, மீதியை மட்டும் கட்டணும்."

"கழிக்கலன்னா?"

"ஒரே காசுக்கு ரெண்டு தடவ வரி. அநியாயம் இல்லீங்களா?"

"என்னது? சத்தமா சொல்லுங்க."

"அநியாயம்!" ஜோசப் கத்தியேவிட்டார்.

தமிழழகன் பிடரியைச் சொறிந்தார்.

"ஏங்க, கவர்மெண்டே கழிச்சுக்குதுன்னா... நாம கருப்பண்ணனுக்குக் கழிக்க வேணாமா?"

"ரெண்டு ஊர்லயும் ஒரே வரிதான். மீதின்னு எதுவும் வராதே" என்றார் கூட வந்தவர்.

"அப்ப விட்டுடுவோம். சாமி வழக்கம்போல அவன் வாசல்ல நிக்கட்டும்."

"அது உங்க கமிட்டி பாடு. எனக்கென்ன தெரியும்?" என்றார் காசிநாதன்.

இருவரும் கிளம்பிப் போனார்கள்.

ஜோசப் பெருமூச்சு விட்டார். "திரும்ப மொதல்லேர்ந்து சொல்லட்டுங்களா?"

காசிநாதன் சிரித்தார்.

"எனக்குப் புரியாமலா சார்? நானே சொன்னா, 'சம்பளக்காரனுக்குப் பரிஞ்சு பேசுறாரு'ன்னு எந்திரிச்சுப் போயிருப்பாங்க. புரிய வேண்டியவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு!"