பத்து நிமிட வகுப்பு

"தெரிஞ்சத அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. தெனமும் பத்து நிமிஷம் ஒருத்தர் வகுப்பு எடுக்கணும்."

கடத்தூர் சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனி மேனேஜர் மரிய ஆனந்த் இப்படி உத்தரவு போட்டு ஒரு வாரமாகியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை பின்னறை ஜன்னல் வழியே பார்த்தால், ஜோஸ்பின் வகுப்பெடுக்க, மற்ற ஊழியர்கள் நால்வரும் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குறுக்கிட மனமில்லாமல் நகர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை சின்னராஜ் வந்தான்.

"சார், இந்தச் சட்டையில பத்து வயசு கொறஞ்சாப்ல இருக்கீங்க. அப்புறம்... மச்சான் வூட்ல விசேசமுங்க, இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணுங்க."

"போய்ட்டு வாப்பா."

அடுத்து சோபனா. "உங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குங்க சார். அரை நாள் மட்டும்..."

"முழு நாளே எடுத்துக்கம்மா."

மற்றவர்களும் வரிசையாக வந்து போனார்கள். பதினோரு மணிக்கு மேனேஜர் வெளியே வந்தால், ஆபீசில் ஈ காக்கை இல்லை. பின்னறைக்குப் போய்ப் பார்த்தார். பலகையில் ஜோஸ்பினின் எழுத்து அழியாமல் இருந்தது.

'மேனேஜரிடம் லீவு வாங்குவது எப்படி? முதலில் எதையாவது பாராட்டவும்.'

மரிய ஆனந்த் இரண்டு முறை படித்தார். பிறகு தர்மபுரியிலிருக்கும் மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், உங்க குரலக் கேட்டாலே தெம்பா இருக்குங்க. அப்புறம்... திங்கக்கெழம..."