கூண்டுக்குள் இருந்தவர்

ஐஸ் ஹொக்கி அரங்குக்குள் நுழைந்ததும் சிறிதரன் செய்த முதல் வேலை, தனக்கும் விக்னராஜாவுக்கும் நடுவில் கிரஹாமை இருக்க வைத்ததுதான்.

விக்னராஜாவுக்குப் பக்கத்தில் தான் இருப்பதை மனேஜர் பார்த்துவிடக் கூடாது. மனேஜர் இரண்டு வரிசை முன்னால் இருந்தார். சிறிதரனின் வேலை நிரந்தரமா இல்லையா என்பதைத் திங்கட்கிழமை முடிவு செய்யப் போகிறவர் அவர்தான்.

எல்லோரும் மெல்பேர்னில் ஒரே வரைபட அலுவலகம். அந்த வருடம் அடி, அங்குலத்தை விட்டு மில்லிமீற்றருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் ஒரு படத்தில் இரண்டும் குழம்பி, வந்திறங்கிய இரும்புப் படிக்கட்டு அரையடி கட்டையாக நின்றது. விக்னராஜாவை மேசையிலிருந்து எழுப்பி, படப் பிரதி எடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்குள்ள அமோனியா நெடியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

இருக்கிற இரண்டு தமிழரில் ஒருவர் இப்படிப் பெயரைக் கெடுத்துவிட்டாரே என்று சிறிதரனுக்கு ஆத்திரம்.

"தம்பி, குளிருதோ? என்ரை மஃப்ளரைப் போடும்," என்றார் விக்னராஜா.

"வேண்டாம்."

ஐஸ் ஹொக்கியை அவன் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கறுப்பு வட்டு எங்கே போகிறதென்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆட்கள் ஓரத்துத் தடுப்புப் பலகையில் மோதுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

விசில் ஒலித்தது. எதிராளியின் காலைத் தடியால் தட்டிவிட்ட ஒருவன், ஓரத்துக் கூண்டுக்குள் போய்த் தனியாக இருந்தான்.

"இரண்டு நிமிடத் தண்டனை," என்றார் கிரஹாம்.

"நல்ல சட்டம். பிழை விட்டவர் ஒதுங்கித்தான் இருக்க வேண்டும்," என்றான் சிறிதரன், விக்னராஜாவுக்கும் கேட்கும்படி.

விக்னராஜா இருமிக்கொண்டே எழுந்தார். "தேத்தண்ணி வாங்கியாறன்."

மறுபடியும் விசில். இந்த முறை எதிராளியைத் தடியால் அடித்தது கோல்கீப்பர். ஆனால் கூண்டுக்குள் போனது வேறொருவன்.

"இவன் ஏன் போகிறான்?"

"கோல்கீப்பரை வெளியே அனுப்பினால் ஆட்டமே போய்விடும். அவனுக்காக இன்னொருவன் கூண்டுக்குள் இருப்பான்."

"பாவம். ஒன்றும் செய்யாதவன்."

"விக்னராஜாவும் ஒன்றும் செய்யவில்லையே," என்றார் கிரஹாம்.

"படிக்கட்டு அவர் வரைந்ததுதானே? கட்டடத்தின் முன்பக்கத்தது?"

"கட்டையாக வந்தது பின்பக்கத்துப் படிக்கட்டு." கிரஹாம் அவனை விநோதமாகப் பார்த்தார். "நீ வரைந்தது. வேலை நிரந்தரமாகாதவனை உடனே அனுப்பிவிடுவார்கள் என்று, படத்தின் மூலையில் இருந்த உன் பெயரை பிளேடால் சுரண்டிவிட்டுத் தன் பெயரை எழுதினார். அடுத்த மேசையிலிருந்து பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லையா?"

மூன்று கோப்பைகளையும் இரண்டு கையாலும் அணைத்தபடி விக்னராஜா படியேறி வந்தார்.

"சீனி கூடப் போட்டது உமக்கு, தம்பி."

சிறிதரன் எழுந்து நின்றான். கோப்பையை வாங்கவில்லை.

"வைச்சிருங்கோ அண்ணை. மனேஜரோடை அந்தப் படிக்கட்டு விஷயம் கதைச்சுப்போட்டு வாறன்."