ஒற்றை வரிசை

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை.

அவருக்கு முன்னால் வேதமுத்து நின்றிருந்தார். வேதமுத்துவுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். அதற்கப்பால், சுரங்கப் பாதை முடிகிற சின்ன அறையின் வாசலில், போதகர் பாத்திரத்தை ஏந்திக்கொண்டிருந்தார்.

திருவிருந்து. ரோமாபுரியில், மண்ணுக்கு அடியில், முதல் கிறிஸ்தவர்களைப் புதைத்த இடத்தில்.

இதற்காகத்தான் திருநெல்வேலிப் பக்கமிருந்து இவ்வளவு தூரம். நேற்றுப் பார்த்த அரங்கமும் தூண்களும் உடைந்த சிலைகளும் போட்டோவுக்கு. இது ஆத்துமாவுக்கு. ஊர்ச் சபையின் வெள்ளிப் பாத்திரத்தையே துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். திராட்சரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே பாத்திரம்.

பாதை ஓர் ஆள் அகலம். இரண்டு பக்கமும் சுவரைக் குடைந்து, அலமாரித் தட்டுகள் போலக் கல்லறைகள். எல்லாம் காலி. மங்கலான விளக்கு. ஈர மண் வாசனை.

அடிமையையும் எஜமானையும் இங்கே அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சற்று முன்புதான் வழிகாட்டிப் பெண் சொன்னாள். போதகர் அதைத் தமிழில் சொன்னார். அதைக் கேட்டு எல்லோரையும்விட உரக்க "ஆமென்" சொன்னது அவர்தான்.

மனதாரத்தான் சொன்னார். அதில் பொய் இல்லை.

வேதமுத்துவை அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே ஊர், ஒரே சபை. அவர் மேலத்தெரு, வேதமுத்து கீழத்தெரு. மின்வாரியத்தில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பயணத்துக்கு அந்தத் தெருவிலிருந்து வந்தது அவர் ஒருவர்தான். ஊரில் இருந்தவரை இருவரும் தலையசைத்ததோடு சரி. விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. இறங்கும்போது ஒருவருக்கொருவர் அண்ணாச்சி ஆகிவிட்டார்கள்.

"அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு, ரோமாபுரிக்கு வந்துதான் பேசணும்னு இருக்கு பாருங்க அண்ணாச்சி" என்று வேதமுத்து சிரித்தார்.

பஸ்ஸில் சேர்ந்து பாடினார்கள். ஓட்டலின் காய்ந்த ரொட்டிக்கு, வேதமுத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயை அவர் கேட்டு வாங்கித் தின்றார். எனக்கு அதெல்லாம் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஊர்க் கோயிலில் திருவிருந்து என்றால், மேலத்தெரு குடித்து முடித்த பிறகுதான் கீழத்தெரு எழுந்து வரும். அப்படி யாரும் சட்டம் போட்டதில்லை. யாரும் மாற்றியதும் இல்லை. இத்தனை வயதுக்கு, மேலத்தெருக்காரர்களின் உதடு பட்ட விளிம்பில்தான் அவர் உதடு பட்டிருக்கிறது. இந்த நிமிடம்வரை அதை அவர் யோசித்ததே இல்லை.

இப்போது கால் நின்றுவிட்டது.

நட, என்று தன்னையே அதட்டிக்கொண்டார். போதகர் விளிம்பைத் துடைத்து, வேறு பக்கம் திருப்பித்தானே தருகிறார். என்ன கெட்டுவிடப் போகிறது. எல்லா நியாயமும் தெரிந்தது. கால் கேட்கவில்லை. வராத இருமலை வரவழைத்து இருமினார்.

வேதமுத்து திரும்பிப் பார்த்தார்.

இருவருக்கும் நடுவில் விழுந்திருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தை.

புரிந்துகொள்ள வேதமுத்துவுக்கு நேரம் ஆகவில்லை. பழக்கம்.

"நீங்க முன்னால போங்கய்யா."

அண்ணாச்சி இல்லை. ஐயா. வேதமுத்துவின் அப்பா அவருடைய அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

சேச்சே, நீங்க போங்க, என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் வேதமுத்து பக்கவாட்டில் திரும்பி, கல்லறைகளில் முதுகை ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு வழிவிட்டார்.

அவர் போனார்.

இடம் போதவில்லை. மார்போடு மார்பு உரசித்தான் போக முடிந்தது. சட்டைப் பொத்தான்கள் சிக்கி விலகின. அவ்வளவு அருகில் வேதமுத்துவின் மூச்சு அவர் கன்னத்தில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. வேதமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உதடு பட்ட இடத்தில் உதடு படக்கூடாது என்பதற்காக, ஆளையே கட்டிப்பிடிக்காத குறை.

வெட்கம் காதுவரை சுட்டது. சுடச்சுடவே பாத்திரத்தை வாங்கினார். குடித்தார். அறைக்குள் போய்ச் சுவரோரம் நின்று திரும்பினார்.

அடுத்து வேதமுத்து வருவார். வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேதமுத்து வரவில்லை. சுவரோடு ஒட்டியபடியே நின்றார்.

பின்னால் நின்ற பேங்க் மேனேஜர் உரசிக்கொண்டு கடந்து வந்தார். அப்புறம் ஜவுளிக்கடைக்காரரும் மனைவியும். அப்புறம் பாடகர் குழுப் பெண்கள். எல்லோரும் மேலத்தெரு. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவரும் வயிற்றை எக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் வேதமுத்துவும் எக்கினார்.

அப்போதே அவர் ஒருவர் வேதமுத்துவுக்குப் பின்னால் நகர்ந்திருந்தால் போதும். அத்தனை பேரும் தன்னால் பின்னாலேயே வந்திருப்பார்கள்.

வரிசையின் கடைசியில் அவர் மகள்.

டாக்டர். பெங்களூரில் வேலை. ஊர்ப் பேச்சை எடுத்தாலே, இன்னுமாப்பா இதெல்லாம் என்று சண்டைக்கு வருகிறவள். இந்தப் பயணம் முழுக்க வேதமுத்துவின் மூட்டுவலிக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து வந்தவள்.

அவள் நிற்பாள். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தார். எல்லோர் முன்னாலும் அவர் மானம் போனாலும் சரி.

வேதமுத்துவின் அருகே வந்தாள். நின்றாள். அறைக்குள் நிற்கிற அப்பாவைப் பார்த்தாள்.

பிறகு தோள்பையை முன்பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கடந்து வந்தாள்.

குடித்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கப்பா" என்றாள். "இன்னும் ஒருத்தர் வரணும்."