தேயாத பிரஷ்

பழைய பிரஷைக் காட்டினால்தான் புதுசு. இது எதில்சாவின் சட்டம். கார்த்தஹேனா நகரத்தின் குடிசைப் பகுதியில் நடக்கும் இலவச மருத்துவமனையில், பற்களைச் சுத்தம் செய்து, சொத்தை வராமல் காக்கச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பிரஷின் நாரைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவாள்.

நோஹேமியும் அவள் மகள் மிலேனாவும் ஆளுக்கொரு பிரஷை நீட்டினார்கள். மகளுடையது தேய்ந்து விரிந்து கிடந்தது. அம்மாவுடையது கொடுத்தபோது இருந்த மாதிரியே இருந்தது.

“சின்னப் பொண்ணு எவ்வளவு ஒழுங்கா தேய்ச்சிருக்கா! உனக்கென்ன கேடு? ஒவ்வொரு தடவை சாப்பிட்டதும் தேய்க்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?”

“மாதா படத்துக்குப் பக்கத்துல வெச்சுக் கும்பிடறா போல!” என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நோஹேமி தலைகுனிந்தாள். “நீங்க சொன்ன மாதிரிதான் செய்யறேன், டாக்டரம்மா.”

“பொய் வேறயா? உனக்குப் புதுசு கிடையாது, போ!”

மகளுக்குக் கிடைத்த பிரஷை மட்டும் வாங்கிக்கொண்டு நோஹேமி நகர்ந்தாள். எதில்சாவுக்கு மனசு உறுத்தியது. நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஒரு புது பிரஷை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“இந்தா, கோவிச்சுக்காதே. உன் மகளைப் பார்த்தாவது கத்துக்கோ. அவ மூணு வேளையும் தேய்க்கறா இல்ல?”

நோஹேமி, மகளுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள்.

“அவ மூணு வேளையும் சாப்பிடறாளே, டாக்டரம்மா.”

மதியம் சாப்பிட்டதும் எல்லோரும் பார்க்கும்படி குழாயடியில் நின்று பல் தேய்ப்பது எதில்சாவின் வழக்கம். அன்று அவளுடைய பிரஷும் நனையவில்லை.