பன்னிரண்டிலிருந்து ஐந்துக்குள்

குரலைக் கேட்டதுமே டேரனுக்குத் தெரிந்துவிட்டது.

"உள்ள வா தம்பி. மூணு நாளா வீடு ஐஸ்பெட்டியா கெடக்கு."

பதினொரு வருஷமாக இந்தக் குரல் அவன் முதுகில் வந்து விழுந்துகொண்டிருக்கிறது. டேரன் ஹால்சல் வாரநாட்களில், வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களுக்கு ரிப்பேர்காரன். சனிக்கிழமைகளில் ஆறாவது டிவிஷன் கால்பந்து அணி ஒன்றுக்குக் கோல்கீப்பர். இந்தப் பக்கத்து ஊருக்கு ஆட வரும்போதெல்லாம் கோலுக்குப் பின்னால் நின்று இந்த மனுஷர் தொண்டை கிழியக் கத்துவார்: டேய் ஓட்டைக்கையா!

நானூறு பேர் மட்டும் வரும் மைதானத்தில் எல்லாமே காதில் விழும்.

ஆஸ்பின் என்ற அந்தப் பெரியவருக்கோ அவனை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் பார்த்ததெல்லாம் முதுகைத்தானே.

கோட்டுக்கு மேல் கோட்டு. கழுத்தில் உள்ளூர் அணியின் மஃப்ளர். மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. டீ போட்டுக் கொடுத்தார், பிஸ்கட் டப்பாவையும் நகர்த்தி வைத்தார். பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

டேரன் பாய்லரைப் பிரித்தான். பம்ப் போயிருந்தது. அரைமணி நேர வேலை.

"நல்ல கை தம்பி உனக்கு," என்றார் பின்னால் நின்றபடி. "பதறாத கை."

பதினெட்டு வயதில் பெரிய கிளப் ஒன்று கழற்றிவிட்ட நாளிலிருந்து டேரன் கேட்க ஏங்கிய சொல் அது. போகட்டும், பழசையெல்லாம் மறந்து தொலைப்போம் என்று நினைத்து, வண்டிக்குப் போக எழுந்தான்.

"கைன்னதும் ஞாபகம் வருது," ஆஸ்பின் சிரித்தார். "சனிக்கிழமை இங்க வரப்போறான் பாரு ஒரு கீப்பர். அவன் அப்பன் செத்த வாரமும் ஆட வந்தான். காலுக்கு நடுவுல ஒரு பந்தை விட்டான். நான் சும்மா இருப்பேனா? 'பொட்டிக்குள்ள படுத்திருக்கிற உங்கப்பன்கூட இதைப் பிடிச்சிருப்பான்டா'ன்னேன். அத்தனை பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க!"

வியாழக்கிழமை அடக்கம். சனிக்கிழமை அந்தச் சிரிப்பு. டேரனுக்கும் ஞாபகம் இருந்தது.

மறுபடி உட்கார்ந்தான். பாய்லர் மூடியைத் திருகி மாட்டினான்.

"பம்ப் வெளியூர்லேருந்து வரணும். சனிக்கிழமை எங்க ஆள் கொண்டாந்து மாட்டுவாரு. பன்னெண்டுலேருந்து அஞ்சுக்குள்ள நீங்க வீட்ல இருக்கணும். அதை விட்டா இன்னும் பதினஞ்சு நாள் ஆகும்."

ஆஸ்பினின் முகம் தொங்கிவிட்டது. "ஐயோ, மூணு மணிக்கு மேட்ச்! இருபத்தாறு வருஷத்துல நம்ம ஊர் மேட்ச் ஒண்ணுகூட நான் விட்டதில்லப்பா."

தனிக்கட்டை. வீட்டில் விட்டுவிட்டுப் போக வேறு ஆளில்லை. கெஞ்சிப் பார்த்தார்.

டேரன் ரொம்ப வருத்தப்படுகிறவன் மாதிரி தலையை ஆட்டினான். உள்ளுக்குள் அப்படி இனித்தது.

வாசல்வரை வந்து கேட்டார்: "உன் பேரைச் சொல்லலையே தம்பி?"

"சனிக்கிழமை மூணு மணிக்கு ரேடியோவைப் போடுங்க. சொல்லுவாங்க."

திரும்பி, வண்டிவரை மெதுவாக நடந்தான். முதுகை நன்றாகப் பார்க்கட்டும்.

பதினொரு வருஷத்தில் முதல்முறையாகப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வண்டியில் ஏறி, சீட்டில் கிடந்த புது பம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.